மாடத்துப் பொம்மை பேசிய காலை

பிரபாலினிக்கு அசையாமல் உட்காரத் தெரியும். நடனக்காரிக்கு இது ஒரு திறமையா என்று யாரும் கேட்கலாம். ஆனால் அவள் வேலை செய்த நகர அரங்கில் பொம்மை பாலே மேடையேறும்போதெல்லாம் அந்தப் பொம்மையாக உட்கார அவளைத்தான் கூப்பிட்டார்கள். மாடத்தில் ஒரு நாற்காலி. கையில் விரித்த புத்தகம். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, கன்னத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள். கீழே மற்றவர்கள் துள்ளி ஆடுவார்கள். அவள் கண் இமைக்கும் தருணத்தைக்கூடத் தாளத்தோடு ஒளித்து வைத்துக்கொள்வாள்.

கதை இதுதான். ஒரு கிராமத்தில் பொம்மை செய்யும் கிழவர் ஒருவர் தன் அழகான பொம்மையை மாடத்தில் உட்கார வைக்கிறார். அதைப் பெண்ணென்று நம்பி ஓர் இளைஞன் மயங்குகிறான். அவனுடைய காதலிக்குக் கோபம் வருகிறது. அவள் கிழவரின் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, உண்மையைக் கண்டுபிடித்து, பொம்மையின் உடுப்பைத் தான் போட்டுக்கொண்டு, பொம்மைக்கு உயிர் வந்ததுபோல் ஆடிக் கிழவரை ஏமாற்றுகிறாள். கடைசியில் காதலர்களுக்குக் கலியாணம். எல்லாரும் ஆடுகிறார்கள். அந்தக் காதலி வேடம்தான் நாயகி. பொம்மை வேடம் உட்கார மட்டும்.

பிரபாலினி நான்கு வயதில் பெற்றோரோடு ஜெர்மனியில் எசன் நகருக்கு வந்தவள். அப்பா இராசலிங்கம் இரும்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையிலும், அம்மா சிவகௌரி ஒரு மருத்துவமனைச் சமையலறையிலும் வேலை பார்த்தார்கள். கம்பளக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பாலே வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அம்மா வேலை முடிந்து வரும் பஸ் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். பிறகு கொலோனில் படிப்பு, பிறகு எசனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் தள்ளியிருந்த அந்த அரங்கில் வேலை. அன்னங்களின் பாலேயில் கடைசி வரிசை அன்னம், கிறிஸ்மஸ் கால நத்தார்க் கதையில் பனித்துகள், அரசசபைக் காட்சியில் விசிறி பிடிக்கும் பெண். நன்றாக ஆடினாள். அது அவளுக்கும் தெரியும், பக்கத்தில் நின்று ஆடியவர்களுக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாலே இயக்குநர் ஹார்ட்விக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அரங்கின் அடுத்த காட்சிப் பருவத்துக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். உம்சூலுங் செய்தால் அரசாங்கமே உதவும்" என்றார். வேறு தொழில் படித்துக்கொள் என்று அர்த்தம். அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது அப்பா உடனே உற்சாகமானார்.

"நல்லது தானே பிள்ளை. பல் டொக்டரிட்ட உதவியாளர் வேலைக்கு அவுஸ்பில்டுங் எண்டு தொழில் படிப்புச் செய்யலாம். விஜயரத்தினத்தின்ர மகள் செய்யிறாள்."

"நான் இன்னும் ஆடி முடிக்கேல்லை அப்பா."

"முடிக்கேல்லை எண்டு நீ சொல்லுறாய். அவர் முடிஞ்சுது எண்டெல்லோ சொல்லுறார்?"

"அவர் யோசிக்கச் சொன்னவர். நான் யோசிச்சிட்டன்."

அம்மா அவள் தட்டில் சோற்றை இன்னொரு அகப்பை கூட வைத்தார்.

அந்த வீட்டில் பிரபாலினியின் பாலேயை முழு நம்பிக்கையோடு பார்த்த ஆள் ஒன்று உண்டென்றால் அது அண்ணன் தபோதரனின் மகள் ஆரணிதான். ஐந்து வயது. முதல் தடவை அரங்குக்குக் கூட்டிப்போனபோது பாதியில் அவள் உரத்துக் கேட்டாள்: "மாமி, ஏன் இவையள் ஒருத்தரும் கதைக்கினம் இல்லை?"

"கதைக்கினம். கையாலை."

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் வைத்துக் கை மொழியைச் சொல்லிக் கொடுத்தாள். தலைக்கு மேலே இரண்டு கையையும் ஒன்றையொன்று சுற்றினால் 'ஆட வா'. முகத்தைச் சுற்றிக் கையை ஓட்டினால் 'அழகு'. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தால் 'அன்பு'. இரண்டு விரலை உயர்த்தினால் 'சத்தியம்'. ஆரணி இரண்டு நாளில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். பால் குடிக்க மாட்டேன் என்று இரண்டு விரலை உயர்த்திச் சத்தியம் செய்தாள். பிறகு ஒவ்வொரு பாலேக் கதையையும் கேட்டாள், ஒவ்வொன்றிலும் குறுக்கே கேள்வி கேட்டாள். இளவரசன் ஏன் தன் அன்னத்தையே அடையாளம் காணவில்லை? நூறு வருசம் தூங்கினால் பல் தீட்டுவது யார்? பிரபாலினிக்குப் பதில் தெரியாத கேள்விகள்தான் அதிகம். பதில்களை அவளே உண்டாக்கினாள். அப்படித்தான் கதை சொல்லப் பழகினாள்.

நவம்பர் கடைசியில் பனி கொட்டியது. வெள்ளிக்கிழமை தொடங்கி, வடக்கே மின்கம்பங்களெல்லாம் வளைந்து விழும் அளவுக்குக் கொட்டியது. ஊர் ஊராக மின்சாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரங்கில் குழந்தைகளுக்கான பொம்மை பாலே இருந்தது. ரயிலை நம்ப முடியாமல் தபோதரன் தன் காரில் தங்கையைக் கொண்டுபோய் விட்டான். ஆரணியும் பின்சீட்டில் இருந்தாள். பெருந்தெருவில் கார்கள் ஊர்ந்தன.

"பிந்தப் போகுது" என்றான் தபோதரன்.

"நான் இல்லாமல் தொடங்க ஏலாது. நாற்காலி வெறுமையா இருக்கும்."

உள்ளே போனபோது எல்லாரும் மேடைக்குப் பக்கத்தில் கூடி நின்றார்கள். குழந்தைகள் காட்சிகளில் மேடையோரம் நின்று கதை சொல்லும் நடிகர் யோஹென் வரவில்லை. மின்சாரம் போன கிராமம் ஒன்றில் இருந்தார் அவர். கைபேசியும் எடுபடவில்லை. ஈரச் சப்பாத்துகளோடு குழந்தைகள் வந்துகொண்டேயிருந்தார்கள். கூடத்தில் அவர்களுடைய இரைச்சல் திரைக்குப் பின்னாலும் கேட்டது.

"ரத்து செய்வோம்" என்றார் ஹார்ட்விக். "கதை சொல்ல ஆள் இல்லாமல் இந்தச் சிறுசுகளை ஒரு மணி நேரம் உட்கார வைக்க முடியாது."

"யாராவது தாளைப் பார்த்து வாசிக்கலாமே" என்றாள் மேடை மேலாளர் ஊல்ரிக்கே.

"தாள் யோஹெனிடம் இருக்கிறது."

பிரபாலினி தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "நான் சொல்கிறேன்."

ஹார்ட்விக் திரும்பினார். "நீங்கள் பொம்மை."

"அதனால்தான். மற்ற எல்லாருக்கும் ஆட்டம் இருக்கிறது, மூச்சு வாங்கும். எனக்கு உட்காரும் வேலைதான். மேலேயிருந்து எல்லாம் தெரியும். இசை முழுக்க மனப்பாடம்."

"பொம்மை பேசினால் கதையே போய்விடும். அது பொம்மை என்பது கடைசியில்தானே தெரியவேண்டும்?"

"பெரியவர்களுக்கு அப்படி. குழந்தைகளுக்கு முதலிலேயே தெரிந்தால் இன்னும் நல்லது. இளைஞன் ஏமாறுவதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கூடத்து இரைச்சலைக் கேட்டார். "சரி" என்றார், பிடிக்காத மருந்தை விழுங்குகிறவரைப் போல.

ஒலிவாங்கியைக் கன்னத்தில் ஒட்ட வந்த ஒலிப்பதிவாளன் தலையை ஆட்டினான். வெள்ளைப் பூச்சு எண்ணெய்ப் பசை, அதன்மேல் ஒட்டு நிற்காது. "பூச்சு வேண்டாம், அல்லது ஒலிவாங்கி வேண்டாம். இரண்டும் ஏலாது." பிரபாலினி பூச்சு டப்பாவை மூடினாள். கன்னத்தில் சிவப்பு வட்டங்களை மட்டும் வரைந்துகொண்டு மாடத்து ஏணியில் ஏறினாள்.

திரை விலகியது. இசைக்குழு தொடங்குவதற்கு முன்னே அவள் பேசவேண்டும். விளக்கு முகத்தில் விழுந்தது. இத்தனை வருடங்களில் மேடையில் அவள் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் பயமாக இல்லை. சமையலறை மேசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"வணக்கம். நான் ஒரு பொம்மை" என்றாள் ஜெர்மனில். "ஒருவரிடமும் சொல்லிவிடாதீர்கள். கீழே ஒரு பையன் வருவான். அவனுக்கு இது தெரியாது."

கூடம் சட்டென்று அமைதியானது. பிறகு மூன்றாம் வரிசையிலிருந்து சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமியின் குரல், கூடம் முழுக்கக் கேட்கும்படியாக:

"பொம்மை ஏன் பழுப்பா இருக்கு?"

அவளுடைய தாய் அவசரமாக அவள் வாயைப் பொத்துவது மேலேயிருந்து தெரிந்தது. பெரியவர்கள் நெளிந்தார்கள். இசைக்குழுவில் ஒருவர் இருமினார்.

"நல்ல கேள்வி" என்றாள் பிரபாலினி. "என்னைச் செய்தவர் கெட்டிக்காரர். சாதாரண மரம் எடுக்கவில்லை. தேக்கு எடுத்தார். கப்பலில் வந்த மரம். மழைக்கும் இற்றுப்போகாது, பனிக்கும் வெடிக்காது. இன்றைக்கு வெளியே எவ்வளவு பனி என்று பார்த்தீர்கள்தானே? எனக்கு ஒன்றும் ஆகவில்லை."

"எங்கட தோட்டத்து வாங்குப் பலகையும் தேக்கு!" என்று கத்தினாள் ஆறாம் வரிசையில் வேறொரு பிள்ளை.

"அப்படியா? அது என் அக்கா. நான் விசாரித்ததாகச் சொல்லிவிடு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. தொப்பிச் சிறுமியின் தாயும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். இசைக்குழுத் தலைவர் கோலை உயர்த்திக் காத்திருப்பதைப் பிரபாலினி அப்போதுதான் கவனித்தாள். "மீதியை அவர்கள் ஆடிக் காட்டுவார்கள்" என்று முடித்துவிட்டுப் புத்தகத்தை விரித்துப் பொம்மையானாள்.

அதன் பிறகு எல்லாம் ஓடத் தொடங்கியது. இசை ஓயும் இடங்களில் அவள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள். கீழே இளைஞன் அவளைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தபோது, "இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டாள். "நெஞ்சு வலி!" என்றது ஒரு குரல். கூடத்தில் தகப்பனோடு உட்கார்ந்திருந்த ஆரணியின் குரல் அதற்கும் மேலே வந்தது: "இல்லை! அன்பு!" பிரபாலினி கை மொழியை ஒவ்வொன்றாகச் சொல்ல, மேடையில் இருந்தவர்கள் செய்து காட்ட, கூடம் முழுக்கச் சிறு கைகள் எழுந்தன. இளைஞன் மறுபடியும் மாடத்தைப் பார்த்து ஏங்கியபோது குழந்தைகள், "அது பொம்மை! மரம்!" என்று அவனுக்காகக் கத்தினார்கள். அவன் காதில் வாங்காததுபோல் நடித்ததில் அவர்களுக்குப் பெரிய ஆனந்தம்.

இரண்டாவது பகுதியில் நாயகி பொம்மையின் உடுப்பை எடுத்துக்கொள்வாள். நிஜப் பொம்மை திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடவேண்டும். அங்கிருந்தும் பேசினாள். "இப்போது என் சட்டை அவளிடம். நான் இங்கே போர்வைக்குள் இருக்கிறேன்." "குளிருதா?" என்று யாரோ கேட்டார்கள். "இல்லை, உள்ளே அடுப்பு இருக்கிறது" என்றாள். அந்தக் குழந்தை நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது ஒலிவாங்கி இல்லாமலே கேட்டது.

பிறகு அந்த இடம் வந்தது. நாயகியும் இளைஞனும் சிரித்துக்கொண்டே ஓடிப்போகிறார்கள். கிழவர் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறார். தன் பொம்மை உயிரில்லாமல் கிடக்கிறது. அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வழக்கமாக இங்கே பார்வையாளர்கள் சிரிப்பார்கள். கிழவராக ஆடியவர் பெர்ன்ட், குழுவிலேயே மூத்தவர். அவருடைய கையில் பிரபாலினி துணிப்பொம்மைபோல் துவண்டு கிடந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமி மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா அழுகிறாரா?"

ஒத்திகையில் இதற்குப் பதில் இல்லை. கதைப்படி கிழவர் எழுந்து ஓரமாக நடந்து போய்விடவேண்டும், கலியாண இசை தொடங்கிவிடும். பிரபாலினி துவண்ட நிலையிலேயே பேசினாள்.

"ஓம், அழுகிறார். என்னை அவர் ஆசையாகச் செய்தார். எல்லாரும் அவரை ஏமாற்றிவிட்டுக் கலியாணத்துக்குப் போகிறார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை."

"நாங்க கூப்பிடலாமா?"

பெர்ன்டின் கை அவள் முதுகில் ஒரு கணம் இறுகியது. "செய்" என்று பல்லுக்குள் முணுமுணுத்தார் அவர்.

"அவருக்குக் காது சரியாகக் கேட்காது" என்றாள் பிரபாலினி. "கையால்தான் கூப்பிடவேண்டும். 'ஆட வா' எப்படிச் சொல்வது?"

ஒரு கை, பிறகு ஒரு வரிசை, பிறகு மாடி இருக்கைகள் வரை. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான கைகள் ஒன்றையொன்று சுற்றின. தாய்மாரும் தகப்பன்மாரும்கூடச் சுற்றினார்கள். பெர்ன்ட் பொம்மையை நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு எழுந்தார். கூடத்தைப் பார்த்தார். என்னையா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டார். "ஓம்!" என்று கூடம் முழங்கியது. இசைக்குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே கலியாண இசையைத் தொடங்கினார். கிழவர் கலியாண வீட்டுக்குள் ஆடிக்கொண்டே நுழைந்தார். மணப்பெண்ணாக ஆடியவளுக்கு என்ன செய்வதென்று ஒரு நொடி புரியவில்லை. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரை விழுந்ததும் ஹார்ட்விக் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"முடிவை மாற்றிவிட்டீர்கள்."

"நான் கேள்விதான் கேட்டேன். மாற்றியது குழந்தைகள்."

அவர் திரும்பி நடந்து போய்விட்டார். திரைக்கு அப்பால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை அறையில் அவர் அவளைத் தேடி வந்தார். ஜன்னலோரக் கம்பியில் காலை நீட்டிக்கொண்டிருந்தவள் இறக்கிவிட்டு நின்றாள்.

"நேற்று முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை" என்றார். "பள்ளிக்கூடங்கள், பெற்றோர். நான் யோசித்தேன். அடுத்த பருவத்திலிருந்து குழந்தைகளுக்கான பாலேயை முழுவதும் நீங்களே நடத்துங்கள். கதைகளைத் தேர்ந்தெடுப்பது, எழுதுவது, பள்ளிகளுக்குப் போவது எல்லாம். நிலையான வேலை. மேடையில் ஆடும் சிரமமும் இல்லை."

அப்பா கேட்டிருந்தால் கோவிலுக்குத் தேங்காய் உடைக்க ஓடியிருப்பார். பிரபாலினிக்கும் நெஞ்சுக்குள் இனித்தது. வேலை வேண்டும், அதை அவளைவிட நன்றாகச் செய்ய அங்கே ஆள் இல்லை என்பதும் தெரியும். கடைசி வாக்கியம்தான் இடித்தது.

"வேலையை எடுத்துக்கொள்கிறேன், மிகுந்த நன்றி" என்றாள். "ஆனால் ஆடிக்கொண்டே செய்வேன். குழந்தைகள் காட்சியில் காதலி வேடத்தை எனக்குத் தாருங்கள்."

"நீங்கள் இதுவரை நாயகியாக ஆடியதில்லை."

"நீங்கள் தந்ததில்லை."

அவர் புருவத்தை உயர்த்தினார். "அந்த வேடத்தைக் கற்றுக்கொள்ளவே மாதங்கள் பிடிக்கும்."

"மாடத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? தனியாக இந்த அறையில் ஆடியும் பார்த்திருக்கிறேன். இப்போதே காட்டட்டுமா?"

பியானோக்காரி அன்று காலை வகுப்புக்காக இருந்தாள். யாரும் சொல்லாமலே பக்கத்தைப் புரட்டினாள். மற்ற நடனக்காரர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

பொம்மைக்கு உயிர் வருகிற ஆட்டம் அது. முதலில் விறைப்பு. பிறகு ஒரு தோள் மட்டும், பிறகு கழுத்து, பிறகு ஒரு கால் தானாக நடந்து பார்த்து, நின்று, யோசிக்கும். பிரபாலினி அதை ஆடினாள். இத்தனை காலம் அசையாமல் இருந்து பழகிய உடம்பு ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாக எடுத்து வைத்தது. விறைப்பு கரைந்து, நுனிக்காலில் சுழன்று, இல்லாத கிழவரின் இல்லாத தாடியை இழுத்துவிட்டுத் துள்ளினாள். சுவரோரம் நின்ற ஒருத்தி சிரித்தாள். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கடைசிச் சுழற்சிகளில் மூச்சு எரிந்தது, நிறுத்தவில்லை. முடித்து நின்றபோது முதலில் கைதட்டியது பெர்ன்ட்.

ஹார்ட்விக் கைகட்டி நின்றிருந்தார். "மூன்றாவது சுழற்சி கனமாக இருக்கிறது. இடது தோளை இறக்குங்கள்" என்றார். கதவருகே போய்த் திரும்பினார். "பெப்ரவரியில் காட்சி. ஊல்ரிக்கேயிடம் ஒத்திகை நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்."

பெப்ரவரிக் காட்சிக்குக் குடும்பமே வந்தது. பிரபாலினி ஒரு பெரிய குளிர்கோட்டோடு திரைக்கு முன்னால் வந்து கதையைத் தொடங்கினாள். பாதி வாக்கியத்தில் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நாயகியாக ஆடத் தொடங்கினாள். காட்சிக்கு முன் ஒப்பனைக்காரி வெள்ளைத் தூளோடு வந்தபோது, "விளக்கு போதும்" என்று அனுப்பிவிட்டிருந்தாள். கிழவரைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவது இப்போது கதையின் நிரந்தரப் பகுதியாகிவிட்டிருந்தது. அம்மா நான்காம் வரிசையில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றியதைப் பிரபாலினி பார்த்தாள்.

காட்சி முடிந்து வாசலில் நின்றபோது அப்பா தொண்டையைச் செருமினார்.

"நிரந்தர வேலை எண்டு எழுதித் தந்திட்டினமோ?"

"ஓம் அப்பா."

"அப்ப சரி." கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். "அந்தக் கிழவனை வெருட்டி ஆடினாய் பார், அது நல்லாயிருந்தது. நான் சத்தமாச் சிரிச்சிட்டன். முன் வரிசையிலை இருந்த மனுசி திரும்பிப் பார்த்தவ."

"எல்லாருக்கும் கேட்டது" என்றார் அம்மா. "என்ர பிள்ளை ஆடுறாள், அவர் சிரிக்கட்டும் எண்டு அவவிட்டை நான் சொன்னன். எனக்கு அழுகைதான் வந்தது, அதை ஒருத்தரும் பார்க்கேல்லை."

அடுத்த பருவத்தில் அவள் பள்ளிக்கூடங்களுக்குப் போகத் தொடங்கினாள். ஒரு திங்கட்கிழமை எசன் வடக்கில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடம். தரையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்னமாக மாற்றப்பட்ட இளவரசியின் கதையைச் சொன்னாள். சூனியக்காரன் வந்தான், இளவரசன் வந்தான், தப்பான பெண்ணிடம் இரண்டு விரலை உயர்த்திச் சத்தியம் செய்தான். "ஐயோ!" என்றது கூடம்.

"கடைசியில் என்ன ஆகும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "செத்துப் போவாளா?"

"சில அரங்குகளில் இருவரும் ஏரியில் மூழ்கிவிடுவார்கள். சில அரங்குகளில் சூனியக்காரன் தோற்றுப் போவான், அவர்கள் பிழைப்பார்கள். இரண்டுமே பழைய முடிவுகள்தான். உங்களுக்கு எது வேண்டும்?"

கூடம் இரண்டாகப் பிரிந்தது. மூழ்கவேண்டும் என்று ஒரு கூட்டம், சத்தியத்தை மீறினால் அப்படித்தான் என்று வாதாடியது. தெரியாமல் செய்த பிழைக்கு ஏன் சாகவேண்டும் என்று மற்றக் கூட்டம் எழுந்து நின்றே கத்தியது. ஆசிரியை எழுந்து கையைத் தட்டி அடக்கப் பார்த்தாள். பிரபாலினி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர்கள் வாதம் செய்து களைக்கும்வரை சுவரில் சாய்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு கூடத்தின் நடுவுக்கு வந்து இரண்டு முடிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக் காட்டினாள்.